பத்தொன்பது வருஷம் ஐஸ் சுமந்தவள்

எங்கள் லீபனோன் சபையில் வருஷா வருஷம் ஜூலை மூன்றாவது ஞாயிறு கூடுகை விருந்து. யார் என்ன சமைத்துக்கொண்டு வர வேண்டும் என்று பட்டியல் எழுதுவது நான்தான். பாஸ்டர்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள், பட்டியல் என் கையைவிட்டு மாறவில்லை. இந்த மேவிஸ் போலார்டுக்குக் கொஞ்சம் திமிர் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். பழத்தின் மேல் மாவு வைத்துச் சுடுகிற காப்ளர் இனிப்பு இருபதும் ஒரு பொரித்த கோழியும் வந்து நிற்கிற கூத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

அந்தப் பட்டியலில் கடைசி வரி ஐஸ். சமைக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் ஐஸ் போடுவோம். அதற்கு ஒரு படி மேலே காகிதத் தட்டு. முகத்துக்கு நேராக யாரும் எதுவும் சொல்வதில்லை, "கண்ணு, நீ ஐஸ் கொண்டு வந்துடேன், உனக்கு எதுக்கு சிரமம்" என்று தேனாகச் சொல்வோம். சொல்லப்பட்டவளுக்குப் புரிந்துவிடும். பொதுவாக இரண்டு வருஷத்தில் அவள் ஏதாவது உருளைக்கிழங்கு சாலட் செய்து காட்டி மேலே ஏறிவிடுவாள். பத்தொன்பது வருஷம் ஐஸிலேயே கிடந்தது ஒருத்திதான். ரோவீனா ஸ்டப்ஸ்.

ரோவீனா எங்கள் ஊர்க்காரி இல்லை. டேல் ஸ்டப்ஸ் வடக்கே மிச்சிகனில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண். நாங்கள் ஜார்ஜியாக்காரர்கள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்துவிடுவாள். வந்த ஆறு மாதத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற வேலையில் சேர்ந்தாள். பதினாலாம் நம்பர் வண்டி. காலை ஆறு மணிக்கு மண் ரோட்டில் அவள் ஹாரன் அடித்தால் அந்தத் தெருவே எழுந்துவிடும். காலுறை போடாமல் ஓடிவரும் பிள்ளைகளுக்கென்று தன் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் காலுறை வைத்திருப்பாள். ஒரு தடவை ஓடையில் வெள்ளம் வந்து பாலம் மூழ்கியபோது, பதினேழு பிள்ளைகளைத் தன் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய், இருந்த ரொட்டி, இருந்த சீஸ் எல்லாவற்றையும் சுட்டுப் போட்டு, சாயங்காலம் வரை சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்தாள். சீட்டு விஷயம் சபைக்குத் தெரிந்து கொஞ்சம் புகைந்தது. ஆனால் அந்தப் பதினேழு பேரின் அம்மாக்களும் அவளுக்காகச் சண்டைக்கு வந்தார்கள். அப்பேர்ப்பட்டவள்.

அப்படியிருந்தும் ஐஸ்தான். காரணம் ஓடு.

அவள் வந்த முதல் வருஷக் கூடுகைக்கு ஒரு பீச் காப்ளர் செய்து வந்தாள். பழமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேலே இருக்க வேண்டியது பிஸ்கட். எங்கள் பக்கத்து பிஸ்கட் டீயில் முக்குகிற ஜாதி இல்லை, புஸ்ஸென்று எழும்பி வாயில் போட்டதும் கரைகிற மெத்து ரொட்டி. அவள் பாத்திரத்தில் இருந்தது கூரை ஓடு. கரண்டி போகவில்லை. பிரதர் எல்வுட் மரியாதைக்காக ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். முன்பல் பாதி கையில் வந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து ஒவ்வொரு கூடுகைக்கும் அந்தக் கதைதான் முதல் பலகாரம். அடுத்த வருஷப் பட்டியலில் நான் அவளுக்கு ஐஸ் எழுதினேன். அவள் என் சிநேகிதி, வியாழக்கிழமை தவறாமல் அவள் வீட்டில் காபி குடிக்கிறவள் நான். ஆனாலும் கடமை கடமைதானே! அவளும் முகம் சுளிக்காமல் நாலு பெரிய பெட்டி நிறைய ஐஸைத் தூக்கிவந்து, "நான் இல்லேன்னா உங்க ஜில்லுனு குடிக்கிற இனிப்பு டீ எல்லாம் வெந்நீர்தான், ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே கொட்டுவாள்.

போன ஜூன் மாதம் அவள் பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அந்த வாரம் வியாழக்கிழமை காபியை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மேவிஸ், இந்த வருஷம் நான் காப்ளர் கொண்டு வரேன்."

எனக்குக் காபி புரையேறியது. "எதுக்குடி வம்பு? எல்வுட்டுக்கு எண்பத்தொண்ணு ஆகுது."

"விளையாடாத. எனக்கு அறுபது ஆகுது. ஊரில பாதிப் பேரை நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். இன்னும் 'டேல் கட்டிக்கிட்டு வந்தவ'ன்னுதான் சொல்றாங்க. அந்த இனிப்பு மேஜைல ஒரே ஒரு தடவை என் பேர் எழுதின பாத்திரம் இருக்கணும். காலியாகணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் இளகிவிட்டேன், ஆனால் விட்டுக்கொடுக்காமல் ஒரு நிபந்தனை போட்டேன். "சரி. ஆனா நீ செய்யும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

"தாராளமா நில்லு. வாயை மட்டும் வீட்ல வச்சுட்டு வா."

கூடுகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலை போனேன். மேஜைமேல் ஒரு கூடை எல்பர்ட்டா பீச் பழம், வாசல்வரை மணம். பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தாள். தோல் சட்டை மாதிரி கழன்று வந்தது. துண்டு போட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் ஜாதிக்காய் ஒரு சிட்டிகையும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிட்டாள். குறை கண்டுபிடிக்கவென்றே நின்ற எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"பழம் ஆறிடப்போகுது, கொதிக்கும்போதே மேல மாவைப் போடணும், இல்லேன்னா அடிப்பக்கம் வேகாது" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"தெரியும், வாத்தியாரம்மா. அந்த வெண்ணெயை எடு."

குளிர்ந்த வெண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். அதை விரல் நுனியால் பிசிறுவதற்கு முன்னால் அவள் மாவில், அதை எழும்பவைக்கிற பேக்கிங் பவுடர் ஒரு கரண்டியும் கொஞ்சம் உப்பும் போட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அய்யய்யோ! மாவிலயே எல்லாம் கலந்திருக்குமே! மறுபடி போட்டா சோப்பு மாதிரி ஆயிடும்டி!"

"இது வெறும் மாவு, மேவிஸ்" என்றாள், தலை நிமிராமல். "எங்க ஊர்ல இதுதான். பழக்கம் விடல."

வெறும் மாவா? எங்கள் வீடுகளில் மாவு என்றால் பவுடரும் உப்பும் கலந்தே வருகிற மாவுதான். அதற்காகவே எங்கள் குறிப்புகளில் பவுடரை யாரும் எழுதுவதில்லை. கடையின் அடித்தட்டில் வெறும் மாவு ஒன்று கிடப்பதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. அப்போதுதான் அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருந்த அட்டை கண்ணில் பட்டது. வெண்ணெய்க்கறை படிந்த பழைய அட்டை. மாவு இரண்டு கப், வெண்ணெய், மோர், சர்க்கரை என்று வரிசையாக எழுதியிருந்தது. பேக்கிங் பவுடரும் இல்லை, உப்பும் இல்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது. அவள் வந்த முதல் மாதம் நான் எழுதிக்கொடுத்தது. கீழே பென்சிலில் அவள் கையெழுத்தில் இரண்டு வரி: பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். எல்வுட்டின் பல்லை உடைத்தது நான். நான் எழுதிக்கொடுத்தபடியே அட்சரம் பிசகாமல் செய்துதான் அவள் ஓடு சுட்டிருக்கிறாள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் மோரை ஊற்றி, இரண்டே கிளறில் நிறுத்தி, கரண்டி கரண்டியாகக் கொதிக்கும் பழத்தின் மேல் மாவை வைத்து அடுப்புக்குள் தள்ளினாள். முக்கால் மணி நேரத்தில் பொன்னிறமாக எழும்பி, இடுக்குகளில் சிவப்புச் சாறு குமிழ்விட வெளியே வந்தது. என்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், ஆனால் உண்மை.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லாரும் மரத்தடி மேஜைகளுக்கு வந்தார்கள். கண்ணில் விழுகிற குட்டிப் பூச்சிகளை வாய் ஓரத்தால் ஊதிக்கொண்டே தட்டை நீட்டினார்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு பாத்திர விளிம்பிலும் வெள்ளை டேப்பில் செய்தவர் பெயர் ஒட்டியிருக்கும். ஜனங்கள் முதலில் பெயரைத்தான் படிப்பார்கள், அப்புறம்தான் பண்டத்தைப் பார்ப்பார்கள். சிஸ்டர் ஜெனீவாவின் காப்ளர் பத்து நிமிடத்தில் காலி. என்னுடையது பாதிக்கு மேல் போய்விட்டது. 'ரோவீனா ஸ்டப்ஸ்' என்ற டேப்புக்கு முன்னால் கரண்டிகள் வந்து வந்து திரும்பின.

"அடடே, ரோவீனாவா?" என்றாள் ஜெனீவா. "பல் வைத்தியரையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாமே, சிஸ்டர்!"

எல்லாரும் சிரித்தார்கள். ரோவீனாவும் சிரித்தாள். ஆனால் அவள் கை மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. மேஜை போட்டதிலிருந்து யாராவது ஒரு கரண்டி எடுப்பார்களா என்று அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே அவள் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. கரண்டியை எடுத்து டீ ஜக்கை 'டங் டங்' என்று தட்டினேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மெல்றதை நிறுத்துங்க! அந்த ஓடு ரோவீனாவோட ஓடு இல்ல. என்னோட ஓடு."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க?" என்றார் பாஸ்டர்.

"குறிப்பு எழுதிக் கொடுத்தது நான். வடக்கே வெறும் மாவுல சமைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. பேக்கிங் பவுடர் போடணும்னு எழுதாம விட்டுட்டேன். அவ நான் எழுதினபடி செஞ்சா. பிரதர் எல்வுட், உங்க பல்லுக்கு நான்தான் பொறுப்பு."

ஜெனீவாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப இத்தனை வருஷமா அவளுக்கு ஐஸ் எழுதினது யாரு?"

"அதுவும் நான்தான்! போதுமா?"

பிரதர் எல்வுட் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக நடந்து வந்து ரோவீனாவின் பாத்திரத்துக்கு முன்னால் நின்றார். மேலும் கீழும் கட்டியிருந்த பல்செட் இரண்டையும் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"என்ன பிரதர், பயமா?" என்றாள் ரோவீனா.

"முன்ஜாக்கிரதை, மகளே. இது ரெண்டும் புதுசு."

பெரிய கரண்டியாய் ஒன்று எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். பொக்கைவாய் அசைந்து நின்றது. தட்டை மறுபடி நீட்டினார்.

அவ்வளவுதான். பேருந்தில் முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டு ஏறுவார்களே, அவள் ஏற்றிச்சென்ற அதே பிள்ளைகள், இப்போது தாடியும் தொந்தியுமாக, அப்படி முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். "மிஸ் ரோவீனா, எனக்கு ஓரத்துத் துண்டு!" "வரிசையில வா, டக்கர், அப்பவும் நீ இப்படித்தான்!" ஜெனீவா கடைசியாக வந்து பாத்திரத்தின் மூலையைச் சுரண்டிக்கொண்டு போனாள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவே எனக்கு அன்றைக்குப் பெரிய விருந்து.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் மேஜை துடைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"ரோவீனா, பவுடர் விஷயம் எப்பத் தெரியும் உனக்கு?"

"பல் உடைஞ்ச வாரமே. கடைல உங்க மாவு மூட்டை மேல 'பவுடரும் உப்பும் கலந்தது'ன்னு எழுதியிருந்ததைப் படிச்சேன்."

"அந்த வாரமேவா! அப்ப ஏண்டி இத்தனை வருஷம் வாயைத் திறக்கல? என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். வழக்கமாக மூன்று வாக்கியம் பேசுகிற நேரத்தில் அன்று ஒன்றுதான் பேசினாள்.

"நான் வந்த புதுசுல டேல் வேலைக்குப் போயிடுவான், பேச ஒரு ஆள் கிடையாது, நீ ஒருத்திதான் படியேறி வந்து அந்த அட்டையை எழுதிக் கொடுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்த." மூச்சு விட்டாள். "உன் ரோஷம் எனக்குத் தெரியாதா, மேவிஸ்? தப்பு உன்னுதுன்னு சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்திருப்பியா?"

அந்த வயதில் நான் இருந்த இருப்பை நினைத்துப் பார்த்தேன்.

"வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

"அதான்" என்றாள் ரோவீனா.