தவக்காலத்தில் வந்த அல்லேலூயா

பெரியம்மாவின் பாட்டுக் கொப்பியில் ஒரு துணிக் கிளிப் இருக்கும். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்ததும், அல்லேலூயா வருகிற பக்கங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அதை மாட்டிவிடுவார். தவக்காலம் முழுவதும் அந்தச் சொல்லைப் பூசையில் பாடுவதில்லை. உயிர்ப்புத் திருவிழா வரை காத்திருக்க வேண்டும். பெரியம்மாவோ வீட்டில்கூட அதை உச்சரிக்க விடமாட்டார். அம்பிட்டியவில் எங்கள் கோயில் பாடகர் குழுவை அவர்தான் நடத்தினார், நான் கீபோர்ட் வாசித்தேன். ஒருமுறை தவக்கால ஒத்திகையில் பழக்கதோஷத்தில் என் விரல் அந்த மெட்டுக்குப் போய்விட, ஒரு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியொரு தவக்காலத்தில்தான் கழுத்துக் கட்டியை எடுக்க அவரைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குரல் போனாலும் போகலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். பாட்டில்லாத பெரியம்மாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒன்பது நாள் சொல்லும் நவநாள் செபத்தைத் தொடங்கினேன். உண்மையில் அது செபமல்ல, பேரம்.

ஒப்பரேஷனுக்கு மறுநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். "காலையிலிருந்து வாயே திறக்கல்ல, பயப்படுறாங்க" என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த, திகன ஊரைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி.

"பெரியம்மா, ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். கரகரப்பாக, ஆனால் தெளிவாக வந்தது: "அல்லேலூயா."

உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ மகள், தவக்காலத்துல சொல்லிட்டேனே. ஃபாதர்கிட்ட என்னான்னு சொல்றது?"

குரல் திரும்பிவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தானே பேசுறீங்க" என்று அந்தப் பெண்மணி சொன்ன பிறகுதான் அழத் தொடங்கினார். நானும் அழுதேன், சிரித்தேன். நவநாளில் இன்னும் ஆறு நாள் பாக்கியிருந்தது. நான் பேரம் பேசி முடிப்பதற்குள் ஆண்டவர் கொடுத்துவிட்டார். அருள் என்றால் என்னவென்று அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாட்டில்தான் எனக்கு விளங்கியது.

பெரியம்மா பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாராம். உயிர்ப்புத் திருவிழாவின் முதல் அல்லேலூயாவைத் தனியாகப் பாட வேண்டும் என்பதுதான் ஃபாதர் கொடுத்த பரிகாரம். பாடினார். மேல் சுரத்துக்குப் போகும்போது குரல் உடைந்தது, நிறுத்தாமல் பாடி முடித்தார்.

இப்போது குழுவை நான் நடத்துகிறேன். அவர் முன் வரிசை வாங்கில் இருந்துகொண்டு என் தவறுகளைப் பிடிக்கிறார். இந்த விபூதிப் புதனன்றும் கொப்பியை நீட்டி, கிளிப்பை நன்றாக இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் வெளியே விட்டிருந்தேன். பெரியம்மா அதைப் பார்த்தார், அதை உள்ளே தள்ளாமல் அப்படியே கொப்பியை வாங்கிக்கொண்டார்.