படிக்கட்டுக்குக் கீழே யார் நிலம்?

ஒரே கதையைப் பத்துப் பேரிடம் கேட்டு, பத்தையும் சரியென்றே எழுதிக்கொள்வது என் தொழில். வாய்மொழிப் பாடல்களின் வேறுபாடங்களைத் தேடி லோயர் கேம்ப் முதல் தேவதானப்பட்டி வரை நாற்பதாண்டுகள் அலைந்தவன் நான்; இத்தனை காலத்தில் எவர் சொன்னதையும் தவறென்று அடித்ததில்லை. இந்தப் பழக்கத்தோடு ஒருவன் முதன்முதலாக வீடு வாங்கப் புறப்பட்டால் என்ன நேரும் என்பதை, கையில் வரைபடத்துடன் திகைத்து நிற்கும் என் போன்ற துன்பப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

கிழக்கெல்லைக்கு மூன்று பாடம்

பழனிசெட்டிபட்டியில் நாங்கள் பார்த்த வீட்டுக்கு ஒரு மாடியறை உண்டு. ஆறு வாடகை வீடுகளில் ஈரத்துக்கும் கரையானுக்கும் தப்பிப் பிழைத்த என் குறிப்பேடுகள் அங்கேதான் குடியேற வேண்டும் என்று, பார்த்த கணமே முடிவு செய்துவிட்டேன். அறைக்குப் போக ஒரே வழி, கிழக்குப் புறத்தில் வெளியே ஏறும் படிக்கட்டு. அதை ஒட்டியே அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவர் நிற்கிறது.

பத்திரங்களில் நான்கெல்லை விவரத்தைப் படித்தேன். தாய்ப்பத்திரத்தில் கிழக்கெல்லை ஓடை. அடுத்த பத்திரத்தில் வண்டிப்பாதை. கடைசியில் இராக்கம்மாள் மனை. பழைய சுவடி கிடைத்தவனைப் போல் பூரித்து, இவற்றுள் எது மூலம் என்று வீட்டை விற்கும் சுருளிவேலிடம் கேட்டேன். அவர் கிழக்குச் சுவரைக் கைகாட்டினார். “சார், ஓடையும் போச்சு, பாதையும் போச்சு. இப்ப அங்கன இருக்கிறது இராக்கம்மா ஆத்தா மட்டுந்தேன். அவுகள எந்தப் பத்திரத்தாலயும் நகட்ட முடியாது.”

தென்னை வரை சென்ற நாடா

புல வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும் என்பதை அறிவேன். வீட்டு வாசல் தெற்கு நோக்கியது என்பதையும் அறிவேன். இரண்டையும் ஒருசேர நினைவில் வைக்கத்தான் தவறினேன். வாசலில் தெற்கு நோக்கி நின்று, படத்தின் வலப்புறம் கிழக்கு எனக் கண்டு, என் வலக்கைப் பக்கமாகவே நடந்தேன். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் என் மனைவி கோமதி. மேற்கு வீட்டுத் தென்னை மரம் எங்கள் மனைக்குள் விழுகிறதே என்று நான் வியந்து குறிப்பெழுதும்போது, அவள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். “ஏங்க, நம்ம வாங்க வந்தது இந்த வீட்டத்தான? அந்த வீட்டுத் தென்னைய எதுக்கு அளந்துக்கிட்டிருக்கீக?”

கல் போன வழி

படத்தைத் திருப்பிப் பிடித்து அளந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. பத்திரத்தில் மனையின் அகலம் நாற்பதடி. மேற்குக் கல்லிலிருந்து இராக்கம்மாள் சுவர் வரை நாற்பத்தோரடி இருந்தது. அந்த ஓரடி அவருடையதாயின், படிக்கட்டின் விளிம்பு நிற்பது அவர் நிலத்தில். அவர் இடிக்கச் சொன்னால் படி இல்லை, படி இல்லாவிடில் அறை இல்லை. ஐயம் தீர்க்க வேண்டிய வடகிழக்கு எல்லைக்கல்லையோ காணவில்லை.

ஒலிப்பதிவுக் கருவியுடன் தெருவில் இறங்கினேன். கல் தார்ச்சாலைக்கு அடியில் போயிற்று என்றார் டீக்கடைக்காரர். ஓடை இருந்த காலத்தில் வெள்ளம் கொண்டுபோயிற்று என்றார் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர். சுருளிவேலின் தகப்பனார் துவைகல்லாகப் போட்டுக்கொண்டார் என்றார் இஸ்திரிக் கடைக்காரர். மூன்றையும் அட்டவணைப்படுத்தி, அளக்க வந்த சர்வேயர் கயல்விழியிடம் தந்தேன். அவர் முழுவதும் பொறுமையாகப் படித்து, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தார். “நல்லா எழுதியிருக்கீகய்யா. ஆனா கதைக்கு மூணு முடிவு இருக்கலாம்; கல்லுக்கு ஒரு குழிதேன்.”

வயிறு தள்ளிய சுவர்

எஞ்சிய கற்களிலிருந்து கயல்விழி நாடாவை நீட்டினார். அது இராக்கம்மாள் சுவரின் வடக்கு மூலையில் போய் முட்டியது. அவ்விடத்தில் மட்டும் சுவர் எங்கள் பக்கமாக வயிறு தள்ளி நிற்கும். கொத்தனாரின் கைப்பிசகு என எண்ணியிருந்தேன். சத்தம் கேட்டு வந்த இராக்கம்மாள், சுவரின் உட்புறத்தில் கோழிகளை மூடிவைத்திருந்த பஞ்சாரத்தைத் தூக்கினார். கோழிகள் சிதறின. நடுவே எல்லைக்கல், அசையாமல்.

“அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டயில மண்ணு சரிஞ்சு அடுத்தவுக எடத்துல விழுகும்னு, என் எடத்துக்குள்ளயே ஓரடி தள்ளிச் சுவரு வச்சேன்” என்றார். “கல்லு மட்டும் வெளிய கெடந்தா எவனாச்சும் பேத்துருவான்ல? அதேன் அங்கன வளச்சுக் கட்டி உள்ள வச்சுக்கிட்டேன்.” அந்தச் சுவரையே எல்லையாகக் கருதி, சுருளிவேல் அதை ஒட்டிப் படிக்கட்டைக் கட்டிவிட்டார். ஆக, படி இராக்கம்மாள் நிலத்தில். அவர் சுவரின் வயிறு நாங்கள் வாங்கவிருந்த நிலத்தில். வழக்கில் தொடர்புடைய தரப்பு என்பதால் தெருவில் விசாரித்தபோது அவரிடம் நான் வாக்குமூலம் எடுத்திருக்கவில்லை. அவர் கோமதியின் பக்கம் திரும்பினார். “ஏத்தா, உங்க வீட்டுக்காரரு டீக்கடையில கேட்டாக, இஸ்திரிக் கடையில கேட்டாக. கல்ல வச்சிருக்கவ இங்கனதேன இருக்கேன், என்னைய ஏன் கேக்கல?”

மாடியேறும் நிபந்தனை

சுருளிவேலும் இராக்கம்மாளும் அந்தத் துண்டு நிலங்களைப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி மாற்றிக்கொண்டால், அதன்பின் நாங்கள் வீட்டை வாங்கலாம் என்றார் கயல்விழி. இராக்கம்மாள் உடன்படவேண்டுமே! அவர் படியேறினார். நானும் பின்னால் ஏறினேன். காலியான அறையைச் சுற்றிப் பார்த்து, இங்கே என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். குறிப்பேடுகள் என்றேன். “அம்புட்டும் நோட்டா?” என்றவர், பகலெல்லாம் இங்கேதான் இருப்பீர்களா என்று விசாரித்தார். ஆம் என்றேன். சன்னலருகே சென்று தம் மொட்டைமாடியை எட்டிப் பார்த்தார், முகம் தெளிந்தது. “ஓரடி போனாப் போகுது வாத்தியாரே. கையெழுத்துப் போடுறேன். நான் வத்தல் காயப்போடுற அன்னைக்கு இங்கன உக்காந்தமேனிக்குக் காக்காய வெரட்டி விடணும், அம்புட்டுதேன்.”

பத்திரங்கள் பதிவாகி, புதிய வரைபடமும் வந்து, குறிப்பேடுகள் மாடியேறிய பின் நான் தெளிந்தது இதுதான்: நிலத்தில் நாற்பத்தோரடி என் பெயரில் இருக்கிறது, அதற்கு மேலே காக்கை வரும் வழி முழுவதும் என் பொறுப்பில் இருக்கிறது.