அழுதுகொண்டே வைத்த முதல் கல்

சிங்கப்பூரில் மண்ணைத் தோண்ட யாரும் நாள் பார்ப்பதில்லை. மழை தூறும்போதுகூட மண்வெட்டி போடச் சொல்கிறார்கள். நான் விடுவதில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் கடலூர் முதுநகரில் சித்தாளாகத் தொடங்கி, இன்று இங்கே பதினாறு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். அஸ்திவாரத்துக்கு நான் போட்ட கடைக்கால் எதுவும் ஒரு நூல்கூட இறங்கியதில்லை. அதனால் என் பேச்சு செல்லும்: நல்ல நேரம் பார்த்து ஈசானிய மூலையில் முதல் கல், மஞ்சள், பால். அப்புறம்தான் அஸ்திவாரம்.

போன மாதம் ஒரு யூதப் பெரியவர் வீட்டு வேலை. சின்ன வயதில் பாக்தாத்திலிருந்து வந்தவர். நான் கல்லை வைத்ததும் மனிதர் குலுங்கி அழுதார். அந்த இடத்தில் கண்ணீர் விழலாமா? கல்லை வெளியே எடுத்து வேலையை நிறுத்தினேன். யாராவது செத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். மனையில் பிணம் புதைத்திருக்கிறதோ என்று நான் கேட்பதாக அவர் நினைத்து, இது முன்பு வெறும் ரப்பர் தோட்டம்தான் என்று சத்தியம் செய்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அவர்கள் வேதத்தில் கடைக்காலுக்கு 'யெசோத்' என்று பெயராம். அசையாமல் ஊன்றி வைப்பது என்பதிலிருந்து பிறந்த சொல்லாம். அயல்தேசத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட சனங்கள் திரும்பி வந்து, இடிந்த கோயிலுக்கு மறுபடி கடைக்கால் போட்ட அன்று, பழைய கோயிலைப் பார்த்திருந்த கிழவர்கள் அழுதார்களாம். மற்றவர்கள் சந்தோஷத்தில் கத்தினார்களாம். எது அழுகை, எது ஆரவாரம் என்று யாருக்கும் பிரிக்கத் தெரியவில்லையாம். தன் அழுகையும் அப்படித்தான் என்றார்.

எனக்கும் ஒரு கல் நினைவுக்கு வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் சிதம்பரத்தில் என் சொந்த மனையில் கல் வைத்தபோது என் மனைவி அழுதாள். அபசகுனம் என்று நாலு பேர் முன்னால் திட்டினேன். அடுத்த வாரம் கப்பல் ஏறினேன். அதற்குமேல் ஒரு செங்கல் ஏறவில்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது அவள் தம்பி பிடித்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் கடைக்கால் போடுறீங்க மச்சான். ஒங்களுதுல எருக்கஞ்செடி மொளச்சி நிக்குது. ஒண்ணு இங்க ஒக்காருங்க, இல்ல அக்காவ அங்க இட்டுகினு போங்க."

அங்கே எத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்று பெருமை பேசித் தப்பித்தேன். உள்ளேயிருந்து அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அன்னிக்கி எதுக்கு அழுதன்னு இன்னும் நீங்க கேக்கல."

பெரியவர் அழுத மறுநாள் அவரையே கல்லை வைக்கச் சொன்னேன். அழுதபடி வைத்தார். நான் பால் ஊற்றினேன். அன்றே அவளுக்குக் கடிதம் போட்டேன்: அன்று எதற்காக அழுதாய்?

சிங்கப்பூர் இப்போது தனி நாடாகிவிட்டது. குடியுரிமைத் தாள் என் பெட்டியில் கிடக்கிறது. அவள் பதில் வரும்வரை அதில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. இங்கே சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. சிதம்பரத்தில் இப்போது மழைக்காலம். என் கடைக்காலில் தண்ணீர் நிற்கும். ரசமட்டத்தைச் சுவர்மேல் பிடித்துப் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. சுவரில் கோளாறு இல்லை, அது நான் கட்டியது. என் கைதான்.