கத்திரிக்கோலோடு போன உம்ரா

எங்கள் மாமா உம்ராவுக்குக் கத்திரிக்கோலோடு போனார். மக்காவுக்குப் போகிறவர் தையல் கத்திரிக்கோலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் எதற்கு வைக்கிறார் என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். உத்திரமேரூர் பஜாரில் மாமாவின் தையல் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. விசா முடிந்த பிறகும் திரும்பாமல் ஜித்தாவில் ஒளிந்திருந்து தைப்பது என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

"வெளிய மூச்சு வுட்டே, உன் மாமனப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க" என்றாள் அம்மா. எனக்கு அப்போது பதினாலு வயது.

பயணம் கிளம்பும் முன் வீடு வீடாகப் போய், செய்த தவறுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மாமாவும் ஒரு வீடு விடாமல் கேட்டார். இனிமேல் செய்யப்போவதற்கும் சேர்த்தே கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கோயில், டாக்டர், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர், எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"பாய், அந்த ஊரு ஜம்ஜம் தண்ணி கொஞ்சம் கொண்டாங்க. புள்ளைக்குக் குடுக்கணும்" என்றாள் அக்கா.

"கேன் நெறைய கொண்டாரேம்மா" என்று மாமா வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

கூடப் போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். மாமாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் தங்கியிருக்கிறார் என்று வீட்டில் கதை கட்டினார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "மாமா எப்ப வராரு?" என்பாள். "சீக்கிரம் வந்துடுவாருக்கா" என்பேன். அந்தப் பையன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்ப்பான். அல்லாவின் பெயரைச் சொல்லிப் போன பயணமும் பொய், நான் சொல்வதும் பொய். யாரிடம் போய் அழுவது? வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்தில் மாமாவோடு பேசிவிட்டு, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவளிடம் எதையும் கேட்க முடியாது. வீடு நிறைய ஆள் இருந்தும் அந்த வருஷம் முழுக்க நான் தனியாகவே இருந்தேன்.

ஒருநாள் தாங்கவில்லை. தெருக்குழாயில் அக்கா மட்டும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா வரமாட்டாருக்கா. தண்ணிக்குக் காத்துக்கினு இருக்காதீங்க" என்று கொட்டிவிட்டேன். மாமாவை நானே பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா குடத்தை நகர்த்தி வைத்தாள். "தெரியும் கண்ணு. அவரு போன மறுநாளு, தைக்கக் குடுத்த ரவிக்கைய வாங்கக் கடைக்குப் போனேன், உங்கம்மாதான் தொறந்து வுட்டுச்சு. மெஷின் கீது, கத்திரிக்கோலக் காணோம். சாமி கும்புடப் போறவருக்கு அது இன்னாத்துக்கு?"

"அப்புறம் ஏங்க்கா கேட்டுக்கினே இருந்தீங்க?"

"திடீர்னு கேக்கறத வுட்டா, எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு உங்கம்மா பயந்துடாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வருஷம் முழுக்கச் செத்துப் பிழைத்ததெல்லாம் வீண்தானா? மறுநாள் அம்மாவும் நானும் வாசலில் இருக்கும்போதே அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்: "இன்னாம்மா, மாமா எப்ப வராரு?"

"அடுத்த மாசம் வந்துடுவாருக்கா" என்றேன். அம்மா நிம்மதியாக உள்ளே போனாள். அக்கா போகாமல் அங்கேயே நின்றாள். என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் அவளுக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.