அடி தெரியும் வரை

தண்ணீர் நிலையத்தில் அவளைப் படிகார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கலங்கி வரும் ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்து, பெரிய தொட்டியில் மண்ணைப் படியவைத்து, தெளிந்ததை ஊருக்கு அனுப்புவது அவள் வேலை. முன்பு அது அவள் கணவனின் வேலை. ஒரு மழை நாளில் அவன் கால் வழுக்கித் தொட்டியில் விழுந்தான். கலங்கலில் யார் கண்ணிலும் படவில்லை. எங்காவது வெளியே போயிருப்பான் என்று விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் குழாயில் வந்த தண்ணீரை அவள் குடம் குடமாகப் பிடித்தாள், சமைத்தாள், நேரத்துக்கு வீடு வந்து சேராத மனுஷனைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் தண்ணீர் தெளிந்து, தொட்டித் தரையில் அவன் தெரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று சமைத்த பாத்திரங்களை அவள் மறுபடி தொடவில்லை.

அவள் கைக்கு வந்தபின் அந்தத் தொட்டி கண்ணாடிதான். குளிர் நாளில் மண் இறங்க அடம்பிடிக்கும். காற்றடித்தால் படிந்த மண்ணும் கிளம்பும். படிகாரம் கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் தண்ணீர் வரத்தையும் குறைத்துவிடுவாள். நிதானமாக நகரும் தண்ணீரில் மண் தானாக இறங்கிவிடும். மெச்சாத அதிகாரி இல்லை. சுத்தத்துக்காகச் செய்கிறாள் என்று நினைத்தார்கள், பாவம். அவளுக்குத் தொட்டியின் தரை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று காலை வெள்ளக் கலங்கல். தொட்டியோரம் படிகாரம் கொட்டிக்கொண்டிருந்த பம்ப்காரனைத் திடீரென்று காணவில்லை. சாக்கு மட்டும் விளிம்பில் கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. ஓடிப்போய் வால்வுகளை இறுக மூடினாள். கொக்கிக் கழியை விட்டுத் துழாவினாள். போன் அலறியது.

“ஊருக்கே தண்ணி நின்னுபோச்சு, என்னம்மா பண்றீங்க?” என்று கத்தினார் இன்ஜினியர்.

“ஆள் உள்ள இருக்கான் சார்!”

“யாருக்கா உள்ள?” என்று பின்னாலிருந்து கேட்டது பம்ப்காரனின் குரல். வாசலில் லாரிக்காரனோடு பேசப் போயிருந்தானாம். அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், வாய்க்கு வந்தபடி ஏசினாள், பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அதான் வந்துட்டேனேக்கா. வால்வைத் திறக்கட்டா?”

“கை வைக்காத.”

“உள்ள யாரும் இல்லக்கா.”

“அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க.”

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர்க் குழாய்களெல்லாம் காற்றைக் கக்கின. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நின்ற தண்ணீரில் மண் மெல்ல மெல்ல இறங்கியது. மதியத்துக்கு மேல் தரை தெரிந்தது. சேறுதான், வேறொன்றும் இல்லை.

அவள் ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.

“இன்னைக்கும் அவரைக் காணோம் தம்பி,” என்றாள்.