முத்துமாரி அனுப்பிய மெயில்

மூன்று நாளாக ஒரு மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறமாலையையும் பிரித்துத் தரும் மென்பொருள் அது. இன்ஸ்டால் ஆகாமல் ஒரே பிழைச் செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது.

இன்று காலை கல்லூரியில் அந்தச் செய்தியை என் மெயிலில் தேடினேன். அதே பிழைச் செய்தியைத் தலைப்பில் போட்டு, எட்டு மாதத்துக்கு முன்பு முத்துமாரி அனுப்பிய மெயில் வந்து நின்றது. நான் அதைத் திறக்கவே இல்லை.

முத்துமாரி ஆமத்தூர்க்காரி, என் பழைய எம்.எஸ்ஸி. மாணவி. இதே மென்பொருளில் ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்பட்டாள். "ஒன் பழைய லேப்டாப்புல இதெல்லாம் ஓடாதும்மா, வேற தலைப்பு எடு" என்று அனுப்பிவைத்தவள் நான்தான்.

மெயிலில் இப்படி இருந்தது: "மேடம், பைத்தான் மொழியின் பழைய பதிப்பைத் தனியாகப் போட்டு அதில் இன்ஸ்டால் செய்தேன். ஓடுகிறது. இதையே ப்ராஜெக்ட்டாகச் செய்யட்டுமா?"

அவள் சொன்னபடியே செய்தேன். பத்தே நிமிடத்தில் ஓடியது.

உடனே போன் செய்தேன். இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள்.

"நல்லாருக்கீகளா மேடம்?"

"ஒன் மெயிலை இன்னைக்குத்தாம்மா பாத்தேன். நீ சொன்ன மாதிரி போட்டேன், ஓடிருச்சு."

மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"நாலு நட்சத்திரத்துக்கு நிறமாலை எடுத்து வச்சிருந்தேன் மேடம். நீங்க பதில் போடலைன்னதும், வேணாம் போலன்னு அழிச்சுட்டேன்."

"மறுபடி செய்வோமா?"

"காலண்டர் சீசன் முடியட்டும் மேடம், பாப்போம். லோடு ஏத்துறாக, வச்சிரட்டா?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மாணவர்களின் மெயிலைத் திறக்காமல் போட்டுவைத்திருக்கும் ஆசிரியர்கள் இங்கே வேறு யாராவது உண்டா? இருந்தால் கமெண்டில் வாருங்கள். தனியாக வெட்கப்படுவது கஷ்டமாக இருக்கிறது.