இரண்டு மொரோ குடும்பங்கள்

எழுபதுகளின் நடுவில், பாண்டிச்சேரியிலிருந்து நாங்கள் மெல்பர்னுக்கு வந்த புதிது. மல்கிரேவ் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது முதல் நாள். ஆசிரியை குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்து ‘மொரோ’ என்றதும் நான் எழுந்தேன். முன்வரிசையில் செம்பட்டை முடியும் முகமெல்லாம் புள்ளியுமாக இன்னொரு பெண்ணும் எழுந்தாள். வகுப்பே சிரித்தது. அவள் பெயர் ஜனீன். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் நாங்கள் இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று முடிவு செய்துவிட்டோம். ஆஸ்திரேலியாவில் எனக்கொரு சொந்தம்! வீடு வரை நடக்கப் பொறுமையில்லாமல் ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும் என்னைவிட அப்பாவுக்குத்தான் பரபரப்பு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் அவர். இங்கே அந்த மொழிக்கு ஆள் கிடைக்காமல், சவரம் செய்யும்போது கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தார். அன்று மாலையே ஜனீன் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். அவளுடைய அப்பாதான் எடுத்தார். அம்மா பலமுறை சாப்பிடக் கூப்பிட்டும் இருவரும் பிரெஞ்சுப் பேச்சை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள் என்று அழைப்பும் வந்தது.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ரவையும் முந்திரியும் போட்டுச் செய்த எங்கள் ஊர் விவிக்கம் கேக்கோடு காரில் ஏறினாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

“நாம எப்படி இருப்போம்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“பேரைச் சொன்னேனே, போதாதா?” என்றார் அப்பா.

ஜனீனும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை போலும். கதவைத் திறந்த மனிதர் எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் தலைக்கு மேலே எட்டி, தெருவில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. அப்பா பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். தொலைபேசியில் கேட்ட குரல் எதிரே நின்ற முகத்திலிருந்து வருவதைக் கண்டு ஜனீனின் அப்பா திகைத்து, பிறகு உரக்கச் சிரித்து, அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அதன் பிறகு ஒரே கொண்டாட்டம். அவர் சொல்லச் சொல்ல அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிரான்சின் மேற்குப் பக்கத்தில் அவருடைய அப்பா பிறந்த கிராமத்தில் தெருவுக்குத் தெரு மொரோக்களாம். தபால்காரர் பட்டப்பெயர் வைத்துத்தான் கடிதம் கொடுப்பாராம். கறுத்த நிறமுள்ளவனை அந்தக் காலத்தில் அப்படி அழைத்ததிலிருந்து வந்த பெயராம் அது. அவர் தன் சிவந்த கையை அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்து, உண்மையான மொரோ நீங்கள்தான் என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நானும் ஜனீனும் சோபாவில் குதித்தோம்.

உங்களுக்கு எந்தக் கிராமம் என்று அவர் கேட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாண்டிச்சேரியில் விரும்பியவர்கள் அதிகாரி முன் போய்ப் பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளலாம், என் தாத்தா இதை எடுத்துக்கொண்டார் என்றார் அப்பா. ஜனீனின் அப்பாவுக்குக் கண்கள் விரிந்தன. அப்படியானால் முன்னால் இருந்த பெயர் என்ன?

அப்பா கேக்கை ஒரு துண்டு விண்டு வாயில் போட்டுக்கொண்டார். தெரியாது என்றார்.

திரும்பும் வழியில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு பெயர்! திங்கட்கிழமை ஜனீனிடம் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கும்! முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“அந்தக் கேள்வியை யாரும் கேக்கக் கூடாதுன்னுதாம்மா எங்க தாத்தா பேரையே மாத்தினாரு” என்றார் அப்பா.

அந்தப் பழைய பெயர் காதுக்கு நன்றாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் தன் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைக்கக்கூடும் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.